வண்டலூருக்குக் குழந்தைகளோடு: மதியம் ஒரு மணிக்குள் வெளியே வரும் திட்டம்

இரண்டு வயது முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு முதன்முறையாக அழைத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரலாறு, விலங்குகளின் எண்ணிக்கை எல்லாம் வேறு இடத்தில் கிடைக்கும். எந்த நாள், எத்தனை ரூபாய், கையில் என்ன இருக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். விசாரிக்கிற இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில் வந்ததில் நொந்துபோய்த்தான் இதை ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். அதை முழுதாகச் சுற்றி முடிக்க வேண்டும் என்று கிளம்பும் குடும்பம், பதினொன்றரை மணிக்கு ஏதாவது ஒரு மரத்தடியில் குழந்தையை அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு நான்கு விலங்குகளை நிதானமாகப் பார்த்தால் போதும். காலை 9 மணிக்கு உள்ளே, மதியம் 1 மணிக்கு வெளியே. கீழே வருகிற எல்லாமே இந்த நான்கு மணி நேரக் கணக்கில்தான்.

1. நாளைக் குறிப்பது

செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. வெளியூரிலிருந்து ஐந்து பேர் மூட்டை முடிச்சோடு வந்து பூட்டிய வாயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பொங்கல் போன்ற விடுமுறைக் காலங்களில் செவ்வாயன்றும் திறப்பதாகச் சில சமயம் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைக் கண்ணால் பார்க்காமல் செவ்வாயைக் குறிக்காதீர்கள். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய்தான் விடுமுறை என்பதால், இது இல்லையென்றால் அது என்றும் போக முடியாது.

முடிந்தால் புதன் அல்லது வியாழன். பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு எடுக்க மனம் வராது, புரிகிறது. ஆனால் எல்.கே.ஜி. பிள்ளை ஒரு புதன்கிழமை பள்ளிக்குப் போகாததால் குடி முழுகிவிடாது. ஞாயிறுதான் வாய்க்கும் என்றால், திறக்கும் நேரத்துக்கு வாயிலில் நிற்க வேண்டும். பதினோரு மணிக்குப் போய்ச் சேருகிற ஞாயிற்றுக்கிழமையைவிட வீட்டிலேயே இருப்பது மேல்.

காணும் பொங்கலன்று கைக்குழந்தையோடு போகவே வேண்டாம். அன்று பிள்ளைகள் தொலைந்துபோகாமல் இருக்கக் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். கூட்டம் எப்படி இருக்கும் என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி வரை இதமாக இருக்கும். பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரிப் பக்கம் வலசைப் பறவைகள் கண்ணில் படுகிற காலமும் அதுவே. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. கனமழை எச்சரிக்கை வந்தால் பூங்காவை மூடிவிடுவதும் உண்டு. மே மாதக் கத்திரி வெயிலில் பத்தரை மணிக்கே தார்ச்சாலை காந்தும். 2016 டிசம்பரில் வந்த வர்தா புயல் இங்கே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டது. அதன்பிறகு நட்டவை வளர்ந்துகொண்டிருக்கின்றன என்றாலும், வழி நெடுக நிழல் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு இரண்டு நாள் ஆகவில்லை என்றால், அல்லது முந்தின இரவு லேசாக உடம்பு சுட்டிருந்தால், தள்ளிப் போடுங்கள். புலி எங்கேயும் போய்விடாது.

2. டிக்கெட்டை முந்தின இரவே எடுப்பது

பூங்காவின் சொந்த இணையதளம் ஏஏஇசட்பி டாட் இன். நுழைவுச் சீட்டை அங்கேயே வாங்கலாம். தேடுபொறியில் முதலில் வருவதைத் தட்டாமல், முகவரியை நீங்களே எழுதிப் போங்கள். இடைத்தரகர் தளங்கள் சேவைக் கட்டணம் என்று சேர்த்துவிடும்.

பணம் கட்டியதும் வரும் கியூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பேசியில் இருந்தால் இன்னும் நல்லது. நூறு பேர் ஒரே இடத்தில் நின்று மின்னஞ்சலைத் திறக்க முயலும்போது சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார், குழந்தை சிறுநீர் என்று சொல்லும், எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில்தான் நடக்கும்.

கட்டணம் 2023இல் உயர்த்தப்பட்டது. பெரியவர்களுக்கு 200 ரூபாய். ஐந்து வயதுக்குக் கீழே இலவசம். அதற்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம், பெரியவர்களுக்கு உள்ளதில் சிறு பங்குதான். பூங்காவைச் சுற்றிக் காட்டும் பேட்டரி வண்டிக்குத் தலைக்கு 150 ரூபாய். சிங்கமும் மானும் திரியும் காட்டுப் பகுதிக்குள் பஸ்ஸில் கூட்டிப்போகும் சஃபாரி வண்டிக்குத் தலைக்கு 150 ரூபாய். வீடியோ கேமராவுக்கு 750 ரூபாய். எடுக்கும் இரவில் தளத்தில் என்ன தொகை காட்டுகிறதோ அதையே கணக்கில் கொள்ளுங்கள்.

பலர் இடறுவது இங்கேதான். நுழைவுச் சீட்டு 200 ரூபாய் என்று மட்டும் கணக்குப் போட்டு வருவார்கள். பேட்டரி வண்டியும் சஃபாரியும் சேர்ந்தால் தலைக்கு 300 ரூபாய், நுழைவுக் கட்டணத்தைவிட அதிகம். அப்பா, அம்மா, பாட்டி மூவருக்கும் நுழைவு 600, இரண்டு வண்டிகளுக்கும் 900, ஆக 1500. பிள்ளைகளின் சீட்டு, சாப்பாடு, போக வர செலவு எல்லாம் இதற்கு மேல். கையில் 2500 ரூபாய் ஒதுக்கிக்கொண்டு கிளம்பினால் மூச்சு முட்டாது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், பாட்டி கூட வரும் குடும்பத்துக்குப் பேட்டரி வண்டி. எல்லாரும் நடப்பார்கள், பிள்ளைக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது என்றால் சஃபாரி.

ஆவணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்தை ஒட்டிய வயதில் பிள்ளை இருந்தால், அதுவும் வளர்த்தியான பிள்ளையாக இருந்தால், பிறப்புச் சான்றிதழையோ ஆதார் அட்டையையோ கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலரை வயது என்று வாயால் சொல்வதைவிட அது எளிது. குடும்பத்தில் மாற்றுத்திறனாளி இருந்தால் அடையாள அட்டையின் அசலைக் கொண்டுபோங்கள். டிக்கெட் எடுத்தவரின் அடையாள அட்டை ஒன்றும் கையோடு இருக்கட்டும்.

தேதியை மாற்றலாம், பணம் திரும்ப வரும் என்ற எண்ணத்தில் ஒரு மாதம் முன்னதாகவே எடுத்து வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அடுத்த மாதத் திட்டம் என்பதெல்லாம் காய்ச்சல் வரும்வரைதான். முந்தின இரவு, பிள்ளை நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியபின் எடுங்கள்.

3. போய்ச் சேருவது

சென்னைக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மின்சார ரயிலை மிஞ்சியது எதுவும் இல்லை. கடற்கரை, எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியாகப் போகும் தடத்தில், பெருங்களத்தூருக்கு அடுத்த நிலையம் வண்டலூர். ஆனால் பாதி வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். பலகையில் செங்கல்பட்டு என்றோ அதற்கு அப்பால் உள்ள ஊரின் பெயரோ போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். தாம்பரம் வண்டியில் ஏறினால் அங்கே இறங்கி, நடைமேடை மாறி, படியேறி இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். தள்ளுவண்டியும் தூங்கும் குழந்தையும் இருந்தால் அதுவே ஒரு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் வண்டிகள் குறைவு என்பதால் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம்.

நிலையத்திலிருந்து பூங்கா நடக்கும் தூரம்தான். இடையில் ஜி.எஸ்.டி. சாலை இருக்கிறது. தென்மாவட்டங்களுக்குப் போகிற அத்தனை வண்டிகளும் விரைகிற சாலை அது. பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள், அல்லது மணிக்கட்டைப் பிடியுங்கள். விரலைப் பிடித்தால் பிள்ளை உருவிக்கொண்டு ஓடிவிடும். பாதசாரிகள் கடக்க விட்ட இடத்தில் மட்டும் கடக்க வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் நடக்க வேண்டியிருந்தாலும் சரி.

பேருந்தில் வருபவர்களுக்குத் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி, கிளாம்பாக்கம் பக்கம் போகும் மாநகரப் பேருந்துகள் நிறைய உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்துகளில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கமிருந்து வருபவர்களுக்கு 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பெரிய வசதி. முன்பெல்லாம் பூங்காவைத் தாண்டிக் கோயம்பேடு வரை போய்விட்டு, மறுபடி அதே சாலையில் திரும்பி வர வேண்டியிருந்தது. இப்போது விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, முகம் கழுவி, இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்குப் பூங்கா வாயிலில் நிற்கலாம். ஒரே ஒரு சிக்கல் பெட்டிகள். உறவினர் வீட்டிலோ விடுதி அறையிலோ சாமான்களை வைத்துவிட்டு வாருங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றுவது நடக்கிற காரியமில்லை.

ஆட்டோக்காரர்களிடம் ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். ‘உள்ளே வரைக்கும் விடுகிறேன்’ என்று சொன்னால், உள்ளே என்பது வாயிலா விலங்குகள் வரையா என்று கேளுங்கள். வெளி ஆட்டோ எதுவும் விலங்குகள் வரை போகாது.

காரில் வருபவர்களுக்கு வாயிலருகே கட்டண நிறுத்துமிடம் இருக்கிறது. விடுமுறை நாளில் அங்கே நுழைவதற்கே வரிசை நிற்கும். அப்படிப்பட்ட நாளில் ஒரு பெரியவர் பிள்ளைகளோடு முன்னாலேயே இறங்கி வரிசையில் நிற்கட்டும், ஓட்டுபவர் பின்னால் வந்து சேரட்டும். டிக்கெட் படம் இரண்டு கைப்பேசியில் இருக்க வேண்டும் என்றது இதற்காகவும்தான்.

4. பையில் என்ன வைப்பது

பூங்காவில் பிளாஸ்டிக்குக்கு இடமில்லை. வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்தில், அம்மா விடிய எழுந்து கிளறிய புளியோதரையை ஐந்து பிளாஸ்டிக் உறைகளில் தனித்தனியாக முடிந்து கொண்டுவந்திருந்தார். சோதனை மேசையின் மேல் அந்த ஐந்தும் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒன்றின் முடிச்சு அவிழ்ந்து எண்ணெய் மேசையில் வழிந்துகொண்டிருந்தது. பெரிய பையன் சத்தம் போட, சின்னவள் அழ, அந்த அம்மா ஒன்றும் பேசாமல் பொட்டலங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அரை மணி நேரத்தை நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு எவர்சில்வர் அல்லது செம்புக் குப்பி, ஆளுக்கு ஒன்று. சின்னப் பிள்ளைக்கு மட்டும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் இட்லியோ தயிர்சாதமோ. பெரியவர்களுக்கு உள்ளே உணவகம் இருக்கிறது, எனவே ஊரையே சமைத்துக் கட்ட வேண்டாம். சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகள் வீட்டிலேயே இருக்கட்டும். பிஸ்கட் இல்லாமல் பிள்ளை நகராது என்றால் உறையைப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

துணிப்பை இரண்டு. ஒன்று ஈரமான உடைகளுக்கு. இன்னொன்று, பயன்படுத்திய டயப்பர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைப்பதற்கு. பாலித்தீன் உறை கைவசம் இருக்காது என்பது டயப்பர் மாற்றும் நேரத்தில்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது.

ஒரு மாற்றுடை, தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று, கொசுவுக்கான களிம்பு, பிளாஸ்திரி. பிள்ளைக்குச் செருப்பு வேண்டாம், பழகிய ஷூ போடுங்கள். புதிதாக வாங்கியதை அன்றைக்கு முதன்முதலில் போட்டால் பத்து மணிக்குக் கொப்புளம், அதன்பின் உங்கள் தோள்தான் வாகனம். பாதைகள் தார் போட்டவை என்பதால் மடக்குகிற தள்ளுவண்டி நன்றாக ஓடும். நான்கு வயதுப் பிள்ளைக்கும் கொண்டுபோகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய விலங்குகளின் இருப்பிடங்கள் கம்பிக் கூண்டுகளாக இல்லை. பள்ளம் வெட்டி, அதற்கு அப்பால் காடு போல விட்டிருக்கிறார்கள். விலங்குக்கு அது நல்லது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தூரத்துப் புதருக்குப் பின்னால் தெரியும் பழுப்பு நிறத்தைக் காட்டி ‘அதோ சிங்கம்’ என்றால் அது உங்களைச் சந்தேகத்தோடு பார்க்கும்.

கேமராவுக்குக் கட்டணம் உண்டு, எனவே கைப்பேசி போதும்.

5. உள்ளே நுழைந்த முதல் அரை மணி நேரம்

முதல் வேலை கழிப்பறை. வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். அடுத்து, நுழைவாயிலருகே இருக்கும் வரைபடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, பிள்ளையையே நான்கு விலங்குகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பட்டியலை அதுவே போட்டது என்பதால் ஐந்தாவது விலங்குக்காக அடம் பிடிப்பது குறையும். முழுதாக நிற்காது.

மூன்றாவதாக, சஃபாரிக்குச் சீட்டு இருக்கிறதா, எப்போது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். ‘சுற்றிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் விடுமுறை நாளில் கிடைக்காது. அப்படியே சக்கர நாற்காலி தேவைப்படுபவர் இருந்தால் அதையும் வாயிலிலேயே விசாரித்துவிடுங்கள். பேட்டரி வண்டியில் ஏறும் முன் எந்தெந்த இடத்தில் நிறுத்துவார், எத்தனை நிமிடம் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். பிள்ளைக்கு மிகவும் பிடித்த விலங்கை வண்டியை நம்பி விடாமல், நடந்தே போய்ப் பார்ப்பது நல்லது.

6. எதை எப்போது பார்ப்பது

புலி, சிங்கம் இரண்டையும் காலையில் முதலில் முடித்துவிடுங்கள். சிங்கம் ஒரு நாளில் பதினாறு முதல் இருபது மணி நேரம் படுத்தே கிடக்கும் பிராணி. பதினொரு மணிக்கு மேல் போனால் வால் நுனி அசைவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். எழுப்புவதற்காகக் கைதட்டுவது, விசில் அடிப்பது, கல் எறிவது எல்லாம் குற்றம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 38ஜே பிரிவின்படி பூங்கா விலங்கைச் சீண்டுவதும் அதற்கு உணவு கொடுப்பதும் தண்டனைக்குரியவை, ஆறு மாதம் வரை சிறை உண்டு. பக்கத்தில் நிற்பவர் கத்தினால் பிள்ளைக்குக் கேட்கும்படி அவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடுகிறார்கள்.

வெள்ளைப் புலியைப் பற்றிப் பிள்ளை கேட்கும். அது தனி இனமல்ல, நிறமி குறைந்து பிறந்த வங்கப் புலிதான் என்று சொல்லிவிடலாம். ‘ஏன் குறைந்தது’ என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு உங்கள் சாமர்த்தியம்.

அடுத்து நீர்யானை. இது அவசரக்காரர்கள் தவறவிடுகிற இடம். கும்பல் வருகிறது, பச்சைத் தண்ணீரைப் பார்க்கிறது, ‘ஒன்றும் இல்லை’ என்று நகர்கிறது. நீர்யானை ஒரு மூச்சில் ஐந்து நிமிடம் வரைதான் தண்ணீருக்குள் இருக்கும், பிறகு மேலே வந்தே ஆக வேண்டும். கைக்கடிகாரத்தைப் பிள்ளையிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். முதலில் தண்ணீர் மேல் இரண்டு குமிழ்கள் தெரியும். பிறகு மூடியிருந்த மூக்குத் துளைகள் இரண்டும் ‘புஸ்’ என்று திறந்து நீரைத் தூற்றும். அதற்குப் பின்னால் காதுகள் மேலே வந்து, ஒட்டிய தண்ணீரைப் படபடவென்று உதறும். முகம் முழுதாகத் தெரிவதற்கு முன்னாலேயே பிள்ளை குதிக்கத் தொடங்கியிருக்கும். என் வீட்டில் இன்றுவரை பேசப்படுவது புலியல்ல, அந்தக் காதுகள்தான்.

குரங்குகள் எந்த நேரத்திலும் ஏமாற்றாது. சிங்கவால் குரங்கு, கருமந்தி இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. அவற்றை இங்கே நிதானமாகப் பார்க்கலாம். நாம் நடந்து போகக்கூடிய பறவைக் கூடமும் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது, ஏனென்றால் பறவைகள் அவர்கள் கண் மட்டத்திலேயே திரியும். உள்ளே ஓட விடாதீர்கள், உட்காரச் சொல்லுங்கள். உட்கார்ந்தால் அவை பக்கத்தில் வரும்.

யானையை உங்கள் திட்டத்தில் கடைசிக்கு முந்தியதாக வையுங்கள். பெரிய உருவம் என்பதால் களைத்த பிள்ளைக்கும் தெரியும். இரவு விலங்குகளின் இருட்டுக் கூடம் நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் பலருக்குப் பயத்தைத்தான் கொடுக்கிறது, விட்டுவிடலாம். ஊர்வனப் பகுதி பிள்ளையின் சுபாவத்தைப் பொறுத்தது. பட்டாம்பூச்சிக் கூடம் வெயில் நன்றாக ஏறியபின்தான் சுறுசுறுப்பாக இருக்கும்.

சஃபாரியில் சிங்கமோ மானோ கட்டாயம் அருகில் வரும் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே உறுதி கொடுக்காதீர்கள். ‘பஸ்ஸில் காட்டுக்குள் போகிறோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். வந்தால் லாபம்.

7. சாப்பாடும் காட்டுக் குரங்கும்

அடைத்து வைத்த குரங்குகள் தவிர, சுதந்திரமாகத் திரியும் நாட்டுக் குரங்குகளும் இங்கே உண்டு. அவற்றுக்கு யார் கையில் டப்பா இருக்கிறது என்று தெரியும். திறந்த வெளியில் நடந்துகொண்டே பிள்ளைக்கு ஊட்டாதீர்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து, பெரியவர் ஒருவர் சுற்றிலும் பார்த்துக்கொள்ள, வேகமாக முடித்துவிடுங்கள். குரங்கு வந்து பறித்தால் விட்டுவிடுங்கள், மல்லுக்கு நிற்காதீர்கள். கண்ணுக்குக் கண் பார்க்காமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

கடித்தாலோ நகம் பட்டுக் கீறினாலோ, கீறல் சின்னது என்று விட்டுவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். பூங்கா ஊழியரிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம், குரங்குக் கடிக்கும் அதுவேதான். முதல் ஊசிக்குப் பிறகு வரும் தேதிகளையும் தவறவிடாதீர்கள்.

பத்தரை மணிக்கு ஒரு சிறு தீனி, பன்னிரண்டுக்குச் சாப்பாடு. பசி வந்தபின் உணவகத்தைத் தேடினால் வரிசை நீண்டிருக்கும். பன்னிரண்டு மணிக்கே போய் உட்காருவதுதான் புத்திசாலித்தனம்.

8. பிள்ளை கையை விட்டுவிட்டால்

கிளம்பும்போதே பால்பாயிண்ட் பேனாவால் பிள்ளையின் முன்கையில் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள். அதன்மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போச்சு, அழிந்துவிடும். எனவே கைக்கு எண்ணெய் தடவுகிற வழக்கம் இருந்தால், முன்பே தடவி நன்றாகத் துடைத்துவிட்டு எழுதுங்கள். உள்ளே நுழைந்ததும் குடும்பமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிள்ளை என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் எந்த அப்பாவுக்கும் நினைவு வருவதில்லை, படத்தைக் காட்டிவிடலாம்.

‘காணவில்லை என்றால் நீ நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்ட ஆளைக் கூப்பிடு’ என்று பிள்ளையிடம் வாயிலிலேயே சொல்லி, திருப்பிச் சொல்ல வையுங்கள். உண்மையிலேயே காணாமல் போனால் ஆளாளுக்கு ஒரு திசையில் ஓடக் கூடாது. ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்தில் நிற்க, இன்னொருவர் அருகிலுள்ள ஊழியரிடம் சொல்லட்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, ஆம்புலன்சுக்கு 108.

9. வெளியே வருவது

பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பத் தொடங்குங்கள். வாயில் வரை நடக்கும் தூரம் திரும்பும்போது இரண்டு மடங்காகத் தோன்றும். பேட்டரி வண்டி எடுக்காதவர்கள், நான்காவது விலங்கு வாயிலுக்குப் பக்கத்தில் உள்ளதாக இருக்கும்படி வரைபடத்தில் அப்போதே பார்த்து வைத்திருந்தால் நல்லது.

வாயிலுக்கு வெளியே பலூன், பொம்மை, குமிழ் ஊதும் குழல் விற்பவர்கள் நிற்பார்கள். ‘ஒன்று மட்டும், நூறு ரூபாய்க்குள்’ என்று உள்ளே இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். பேரம் பிள்ளையோடுதான், கடைக்காரரோடு அல்ல.

ரயிலில் போகிறவர்கள் முன்பே பார்த்து வைத்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். மதிய வேளையில் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் வெயிலில் நிற்க நேரிடும். தாம்பரம் வந்ததும் இருக்கைகள் நிரம்பிவிடும் என்பதால் வண்டலூரிலேயே இடம் பிடித்து, பிள்ளையை ஜன்னலோரம் படுக்க வையுங்கள். பெருங்களத்தூர் வருவதற்குள் தூங்கிவிடும். தூங்கினால் எழுப்ப வேண்டாம், அந்தத் தொப்பியைக் கழற்றி, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டால் போதும். வீட்டுக்கு வந்ததும் கையில் எழுதிய எண்ணைத் தேங்காய் எண்ணெய் போட்டு அழித்துவிடுங்கள். சோப்பால் தேய்த்தால் தோல் சிவந்துவிடும்.